ஓடு போட்ட புழுவும் புழுவாய்ப் போன மட்டியும்

தை பிறந்து மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தங்கச்சியின் மகள் முகத்துவாரப் பக்கம் இருந்து ஒரு பலகைத் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எப்போதோ உடைந்த வள்ளத்தின் பலகை, ஒரு முழ நீளம் இருக்கும். வெளிப்பக்கம் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய்கள் நெளிநெளியாய் ஒட்டியிருந்தன. சில நேராக ஓடின. சில நத்தை ஓடு மாதிரியே சுருண்டு கிடந்தன.

"மாமா, இது நத்தைதானே?"

"ஓம் புள்ள, ஏதோ சின்ன நத்தைதான். ஓடு இருக்கே" என்றேன். உயிரியல் படித்தவன் என்ற மிடுக்கில் பலகையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் விடவில்லை. பேசினுக்குள் வாவித் தண்ணீர் ஊற்றிப் பலகையைப் போட்டுவைத்தாள். தேத்தண்ணி குடித்து முடியும் முன் கூப்பிட்டாள். "மறுகா ஒருக்கா வந்து பாருங்க மாமா." ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு சின்னச் சாமரம் விரிந்திருந்தது. என் நிழல் விழுந்ததும் அவ்வளவும் கண்மூடித் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டன. எந்த நத்தைக்கும் தலையில் சாமரம் கிடையாது. அது புழு. மண்புழுவின் உறவுக்காரப் புழு, கடலுக்குள் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொண்டு இருக்கிறது.

ஓட்டைப் பார்த்து ஏமாந்தது நான் மட்டும் இல்லை. இந்த இரண்டு கூட்டத்தையும், அதாவது நத்தை, மட்டி, கணவாய் அடங்கிய மெல்லுடலிகளையும் மண்புழு, அட்டை அடங்கிய வளையப்புழுக்களையும் படிக்கத் தொடங்குகிற எல்லோரும் முதலில் தடுக்கி விழுகிற இடம் அது. பாடப்புத்தகத்தில் முன்னதற்கு மொலஸ்கா, பின்னதற்கு அனெலிடா என்று பெயர். இரண்டும் தனித்தனிக் கணங்கள்.

பெயர்களும் நம்மை ஏமாற்றும்

கடலட்டை அட்டை இல்லை. அது நட்சத்திர மீனின் பக்கத்து உயிர், முட்தோலிக் கூட்டம். மரவட்டையும் அட்டை இல்லை, அதற்குக் கால்கள் உண்டு. கம்பளிப்புழு வண்ணத்துப்பூச்சியின் குழந்தைப் பருவம். பிள்ளைகளின் வயிற்றில் இருக்கும் நாக்குப்பூச்சி பூச்சியும் இல்லை, மண்புழுவின் இனமும் இல்லை. அது உருளைப்புழு, உடலில் துண்டம் எதுவும் கிடையாது. தமிழில் 'புழு' என்பது நீளமாக, மெத்தென்று, நெளிகிற எதற்கும் நாம் போடுகிற பொதுப்பெயர். பேச்சுக்கு அது போதும், வகைப்படுத்த உதவாது.

வெள்ளைக்காரரும் இதில் கெட்டிக்காரர் இல்லை. உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸ், 1758இல் தன் பெரிய பட்டியலின் பத்தாம் பதிப்பில், மண்புழு, நத்தை, கணவாய், நட்சத்திர மீன் எல்லாவற்றையும் 'வேர்மெஸ்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார். வேர்மெஸ் என்றால் புழுக்கள். சாக்கை அவிழ்த்துப் பிரிக்கத் தொடங்கியவர்கள் பிரான்சின் குவியேயும் லாமார்க்கும். அவர்கள் உடலை வெட்டித் திறந்து உள்ளே பார்த்தார்கள். நாமும் அதைத்தான் செய்யப்போகிறோம். அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை, குசினி போதும்.

கணவாய் வெட்டும்போது பார்க்க வேண்டியவை

அடுத்த முறை வீட்டுக்குக் கணவாய் வந்தால் துப்புரவாக்கும் வேலையை நீங்கள் கேட்டு வாங்குங்கள். ஊசிக் கணவாய் என்றால் நல்லது.

முதலில் கையில் படுவது கூம்புப் பை. வட்டம் வட்டமாக வெட்டிப் பொரிக்கிறோமே, அந்தச் சதை. அதற்கு மென்மூடி என்று பெயர். மெல்லுடலியை மெல்லுடலி ஆக்குவது இந்த மென்மூடிதான், ஓடு இல்லை. ஓடு இருந்தால் அதைச் சுரந்து கட்டியதும் மென்மூடியே. நத்தையில் அது ஓட்டின் உட்பக்கம் மெல்லிய படலமாய் ஒட்டியிருக்கும். மட்டியைத் திறந்தால் இரண்டு பக்கமும் தாவணி மாதிரி விரிந்திருக்கும். கணவாயில் அது தடித்துத் தசையாகி உடலைச் சுற்றிப் போர்த்துவிட்டது.

தலையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் பைக்குள் இருந்து குடல், ஈரல் எல்லாம் ஒன்றாக வரும். அது உள்ளுறுப்புத் திணிவு. மென்மூடிக்கும் இந்தத் திணிவுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருந்ததே, அதற்கு மென்மூடிக் குழி என்று பெயர். பூக்கள், அதாவது நீரில் மூச்சு விடும் செவுள்கள், அங்கேதான் இருக்கும், கழிவும் அங்கேதான் வெளியேறும். கணவாய் இந்தக் குழிக்குள் நீரை நிரப்பி, கழுத்தடியில் உள்ள புனல் வழியாகப் பீச்சி அடித்துப் பின்னோக்கிப் பாயும்.

இறகு மாதிரி இரண்டு பூக்கள் தெரிகிறதா? ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் இதயம் உண்டு. நடுவில் மூன்றாவது. இரத்தம் சிவப்பாய் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். நம் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது இரும்பு சேர்ந்த ஹீமோகுளோபின், கணவாயில் செப்பு சேர்ந்த ஹீமோசயனின். ஒட்சிசன் ஏறும்போது அது நீலம், இறங்கினால் நிறமில்லை. வெள்ளிபோல் மினுங்கும் சின்னப் பை மைப்பை. அதை உடைத்துவிட்டால் அன்றைக்கு உங்களுக்கு ஏச்சு நிச்சயம்.

கைகளின் நடுவே அமுக்கினால் கறுப்பாக ஒரு கிளிமூக்கு எட்டிப் பார்க்கும். அதற்குள் சின்ன நாடா ஒன்று உண்டு, விரலால் தடவினால் அரம் போலக் கரகரக்கும். அதுதான் ராடுலா, மெல்லுடலிகளின் பல் வைத்த நாக்கு. மட்டிகளைத் தவிரப் பெரும்பாலான மெல்லுடலிகளுக்கு இது உண்டு. வேறு எந்த விலங்குக் கூட்டத்துக்கும் கிடையாது.

கடைசியாக, முதுகுப் பக்கத்தில் கண்ணாடித்தாள் போன்ற ஒரு பொருள் கழன்று வரும். நாம் குப்பையில் எறிகிற அந்தத் தகடு ஒருகாலத்து ஓட்டின் மிச்சம். ஓட்டுக் கணவாயில் அது தடித்த வெள்ளை ஓடாகவே இருக்கும், கிளிக்கூட்டில் கட்டித் தொங்கவிடுகிறார்களே, அது. நுணுக்கிப் பார்த்தால் உள்ளே நூற்றுக்கணக்கான சின்ன அறைகள். அவற்றில் உள்ள வாயுவின் அளவைக் கூட்டிக் குறைத்துக் கணவாய் நீரில் மிதக்கும் உயரத்தைச் சரிசெய்கிறது. ஒக்டோபஸ் இனங்கள் பெரும்பாலானவை இந்த மிச்சத்தைக்கூட ஏறக்குறைய கைவிட்டுவிட்டன. ஓடே இல்லாத மெல்லுடலி. ஆனால் மென்மூடி உண்டு, ராடுலா உண்டு. ஆகவே அது மெல்லுடலிதான்.

இன்னும் ஓர் உறுப்பு பாக்கி: பாதம். மொலஸ்காவின் அடிப்படை உடல் தலை, தசைப்பாதம், உள்ளுறுப்புத் திணிவு, மேலே போர்த்திய மென்மூடி என்று நான்கு பகுதிதான். நத்தை ஊர்வது பாதத்தால். மட்டி மண்ணைக் கிண்டி இறங்குவதும் பாதத்தால். கணவாயின் பாதம் எங்கே? அதன் கைகளும் புனலும்தான். தலையும் பாதமும் ஒட்டிப் போனதால்தான் செபலோபோடா, அதாவது தலைக்காலி என்று பெயர்.

மூன்று பெரிய வகுப்பும் மிச்சமும்

மெல்லுடலிகளில் இதுவரை பெயரிட்ட உயிரினங்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். பூச்சி, நண்டு, சிலந்தி அடங்கிய மூட்டுக்காலிகளுக்கு அடுத்த பெரிய கூட்டம் இதுதான். இவற்றில் பெரும்பங்கு கஸ்ரொபோடா என்ற வயிற்றுக்காலிகள். நத்தை, ஊரி, சங்கு, சோவி, ஓடில்லாத நத்தைகள் எல்லாம் இதில் சேரும். 1900ஐ ஒட்டி இலங்கைக்குள் வந்து, மழைக்காலத்தில் கீரைப் பாத்தியை ஒரே இரவில் மொட்டையாக்கும் ஆபிரிக்கப் பெருநத்தையும் இதுதான்.

வயிற்றுக்காலியின் விசித்திரம் ஓட்டின் சுருள் என்று நினைப்போம். இல்லை, அதற்குள் நடக்கும் திருகல். குடம்பி என்ற குழந்தைப் பருவத்தில் உள்ளுறுப்புத் திணிவு முழுவதும் பாதத்துக்கு மேலே 180 பாகை திரும்பிவிடும். பின்னால் இருந்த மென்மூடிக் குழி தலைக்கு மேலே வந்து நிற்கும். மலவாசலும் தலைக்கு மேலேதான். வீட்டைத் திருப்பிக் கட்டியதில் கக்கூஸ் முன்வாசலுக்கு வந்த கதை. எதற்காக இந்தத் திருகல் என்று விலங்கியலாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

சுருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோயிலில் ஊதும் சாதாரணச் சங்கை நாம் இடம்புரி என்கிறோம், அரிதான மற்றதை வலம்புரி என்கிறோம். விலங்கியல் புத்தகத்தில் இது நேர் எதிர்: சாதாரணச் சங்கு வலச்சுருள், அரிதானது இடச்சுருள். யாரும் பிழை விடவில்லை. விலங்கியலாளர் சுருளின் கூர் முனை மேலே இருக்கும்படி பிடித்து, வாய் எந்தப் பக்கம் என்று பார்க்கிறார். நம் வழக்கம் அதைத் தலைகீழாகப் பிடிக்கிறது. பரீட்சையில் இதைக் குழப்பிப் புள்ளியை இழந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஊரி என்றதும் மட்டக்களப்பார் யாருக்கும் பாடும் மீன் ஞாபகம் வரவேண்டும். 1848 செப்டெம்பரில் இங்கே வந்த குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட், நிலவு கிளம்பிய பிறகு வள்ளத்தில் போய் வாவிக்கு அடியில் இருந்து வரும் இசையைக் கேட்டதாக எழுதிவைத்திருக்கிறார். கூட்டிப்போன மீனவர்கள் அவரிடம் 'மீன் பாடுகிறது' என்று சொல்லவில்லை. சத்தம் போடுவது ஊரி என்றார்கள். கொண்டுவந்தும் காட்டினார்கள். அதில் ஒன்று கண்டல் சேற்றில் கிடக்கும் கூம்பு ஊரி, இன்றைய பெயரில் டெரபிராலியா பலுஸ்ட்ரிஸ், கண்டல் மரத்தின் விழுந்த இலைகளைத் தின்று வாழ்வது. விலங்கியல் பக்கம் நின்று பார்த்தால் ஊரிக்குப் பாடுவதற்கென்று ஓர் உறுப்பு கிடையாது. காற்றுப்பையை அதிரவைத்து ஒலி எழுப்பும் மீன்கள் உலகில் நிறைய உண்டு. ஆனாலும் இந்தப் பழைய சாட்சியம் ஒரு மெல்லுடலியைத்தான் கைகாட்டுகிறது. அதை மறந்துவிட்டு ஊர்ச் சின்னங்களில் எல்லாம் மீனையே வரைகிறோம்.

பைவால்வியா, இரட்டை ஓட்டு வகுப்பு. மட்டி, சிப்பி, முத்துச்சிப்பி. தலை இல்லை, ராடுலாவும் இல்லை. ஓடு இரண்டையும் இழுத்து மூட வலுவான தசை உண்டு. அவித்த மட்டியில் ஓட்டோடு விடாமல் ஒட்டிக்கிடக்கும் வெள்ளைத் துண்டு அதுதான். தசை தளர்ந்தால் கீல் தானே ஓட்டைத் திறக்கும். அதனால்தான் செத்த மட்டி வாய் திறந்து கிடக்கிறது, அதைக் கறிக்குப் போடக்கூடாது என்று அம்மம்மாக்கள் சொல்வதும் அதனால்தான். மட்டியின் பூவுக்கு மூச்சு மட்டும் வேலையில்லை, சல்லடையும் அதுவே. நீரை உறிஞ்சி நுண்ணுயிர்களை வடித்துத் தின்கிறது. வாவியில் ஊத்தை விழுந்தால் அதுவும் மட்டியின் உடலில்தான் சேரும்.

கல்லடிக் கரையில் மட்டி ஓடு பொறுக்கி மாலை கோத்த பிள்ளைகளுக்குத் தெரியும், சில ஓடுகளில் ஊசியால் குத்தினதுபோல் துப்புரவான வட்டத் துளை இருக்கும். நூல் கோக்க வசதி. அது ஒரு கொலைக்களம். நிலவு நத்தை போன்ற வேட்டை நத்தைகள் மட்டியைப் பாதத்தால் அமுக்கிப் பிடித்து, அமிலம் சுரந்து ஓட்டை இளக்கி, ராடுலாவால் சுரண்டித் துளையிட்டு, உள்ளே இருப்பதை உறிஞ்சித் தின்றுவிடும்.

தலைக்காலிகளைக் குசினியிலேயே பார்த்தாயிற்று. இரண்டு விடயம் மட்டும் சேர்க்கிறேன். தொல்காப்பியத்து மரபியல் உயிர்களை அறிவின்படி அடுக்கும்போது 'நந்தும் முரளும் ஈரறிவினவே' என்கிறது. நந்து நத்தை, முரள் சிப்பி வகை. தொடுதலும் சுவையும் மட்டும் உள்ளவை என்று பொருள். சேற்றில் கிடக்கும் மட்டியைப் பார்த்தவருக்கு அது நியாயமான கணக்குத்தான். ஆனால் அதே கூட்டத்துக் கணவாயின் கண் நம் கண்ணுக்குச் சளைத்ததில்லை. ஒரு விதத்தில் மேல்: நம் விழித்திரையில் நரம்புகள் முன்பக்கமாக ஓடி ஒரு குருட்டுப் புள்ளியை விட்டுவைக்கின்றன, கணவாயில் பின்பக்கமாக ஓடுவதால் அது இல்லை. இரண்டாவது, கணவாயின் மென்மூடியில் ஒரு மில்லிமீற்றர் வரை தடித்த நரம்பிழைகள் உண்டு. நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதை ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அவற்றில்தான் அளந்தார்கள். 1963இல் நோபல் பரிசில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது.

மிச்ச வகுப்புகள் சின்னவை. பாறையில் ஒட்டியிருக்கும், முதுகில் எட்டுத் தகடு கொண்ட கைற்றன்கள், யானைத் தந்தம்போல் இருமுனையும் திறந்த ஓட்டுடன் மணலில் புதைந்திருப்பவை, ஓடே இல்லாமல் புழுப்போல் இருக்கும் ஆழ்கடல் வகைகள். இன்னொன்றுக்கு மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும்: ஒற்றைத் தகட்டு ஓட்டு வகுப்பான மொனோபிளாகோபோரா. பல கோடி வருடத்துக்கு முன்பே அழிந்ததாக நம்பியிருந்தார்கள். 1952இல் டென்மார்க்கின் கலதியா கப்பல் பசிபிக் ஆழத்தில் இருந்து அதை உயிரோடு மேலே கொண்டுவந்தது. நியோபிலினா என்று பெயர். திறந்து பார்த்தால் பூக்கள், கழிவு வடிக்கும் கழிநீரகங்கள், தசைகள் எல்லாம் சோடி சோடியாய் அடுக்கி இருந்தன. 'மெல்லுடலியும் ஒருகாலத்தில் துண்டம் துண்டமாய் இருந்ததா' என்று விலங்கியல் உலகமே பரபரத்தது. அதற்குப் பதில் சொல்ல முதலில் துண்டம் என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

குழல்புட்டும் மண்புழுவும்

குழலில் இருந்து தள்ளி எடுத்த புட்டை ஒருமுறை பாருங்கள். மா, தேங்காய்ப்பூ, மா, தேங்காய்ப்பூ. மா ஒவ்வொன்றும் ஓர் அறை, தேங்காய்ப்பூ நடுச்சுவர். இப்போது ஓர் ஈர்க்கை ஒரு முனையில் குத்தி மறுமுனையால் வெளியே எடுங்கள். அந்த ஈர்க்குத்தான் குடல். மேலால் இரத்தக்குழாய், அடியால் நரம்பு வடம் என்று இன்னும் இரண்டு ஈர்க்கு செருகினால் மண்புழு ஆயத்தம்.

ஆக, வெளியே தெரியும் வளையம் வெறும் தோல் மடிப்பு இல்லை. உள்ளே சுவர் இருக்கிறது. ஒவ்வோர் அறைக்கும் தனித் தசை, தனி நரம்பு முடிச்சு, கழிவு வடிக்க ஒரு சோடிக் கழிநீரகம். மண்புழு ஒன்றில் இப்படி நூறுக்கும் மேற்பட்ட துண்டங்கள். ஒரே உறுப்புத் தொகுதியைத் திரும்பத் திரும்ப அச்சடித்து அடுக்கிய உடல். நியோபிலினாவில் உறுப்புகள் அடுக்காய் இருந்தன, ஆனால் அறைச்சுவர் இல்லை. அது துண்டமான உடல் ஆகாது என்ற பக்கம்தான் பெரும்பாலானோர் பிறகு சாய்ந்தார்கள்.

புட்டு உவமை ஓர் இடத்தில் உடையும். புட்டு உதிரும், மண்புழு உதிராது. ஏனென்றால் அறைக்குள் மாவுக்குப் பதில் நீர்மம். குடலுக்கும் உடற்சுவருக்கும் நடுவில் உள்ள அந்த இடத்துக்கு உடற்குழி என்று பெயர். மெல்லுடலிக்கும் உடற்குழி உண்டு, ஆனால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சுற்றிச் சுருங்கிப்போய். வளையப்புழுவில் அதுவே எலும்பு. ஐஸ் பக்கற்றைக் கையில் பிடித்து அமுக்கிப் பாருங்கள். நடுவில் நெரித்தால் நீளும், நீளவாக்கில் அமுக்கினால் தடிக்கும். தண்ணீரைச் சுருக்க முடியாது, இடம்தான் மாறும். மண்புழுவின் வட்டத்தசை சுருங்கினால் அந்தத் துண்டங்கள் மெலிந்து நீளும், நீளத்தசை சுருங்கினால் குறுகித் தடிக்கும். அறைச்சுவர் இருப்பதால் முன் துண்டங்கள் நீளும்போதே பின் துண்டங்கள் தடித்து நிற்கலாம். அப்படித்தான் மண்ணைத் துளைத்துப் போகிறது.

வழுக்காமல் பிடிக்க சிலிர்முட்கள் உண்டு. கண்ணுக்குச் சரியாய்த் தெரியாது, காதுக்குத் தெரியும். மண்புழுவை ஒரு சொரசொரத்த கடதாசியில் ஊரவிட்டு, சத்தமில்லாத அறையில் காதைக் கிட்டக் கொண்டுபோனால் கரகரவென்று கேட்கும். பார்த்துவிட்டு ஈரமண்ணில் விட்டுவிடுங்கள். அது தோலால் மூச்சு விடுகிறது, தோல் காய்ந்தால் செத்துவிடும். இன்னொன்று, வெட்டினால் இரண்டு மண்புழு ஆகும் என்பது கட்டுக்கதை. தலைப்பக்கம் பிழைத்து வால் வளர்த்தாலும் வளர்க்கும், வால்பக்கம் சாகும்.

இரத்தம் ஓடும் விதத்திலும் இரண்டு கூட்டமும் பிரிகின்றன. மண்புழுவின் இரத்தம் குழாயை விட்டு வெளியே வராது, மூடிய சுற்றோட்டம். நத்தை, மட்டியில் இதயத்தில் இருந்து கிளம்பிய இரத்தம் உறுப்புகளின் இடைவெளியில் கொட்டி ஊறித் திரும்பி வரும், திறந்த சுற்றோட்டம். வேகமாய் நீந்தி வேட்டையாடும் கணவாய்க்கு அது கட்டாது, அது தனியாக மூடிய சுற்றோட்டத்துக்கு மாறிக்கொண்டது.

வகைப்பாட்டுக்கு வருவோம். பாடப்புத்தகம் மூன்று வகுப்புச் சொல்லும். பொலிக்கீட்டா: ஒவ்வொரு துண்டத்திலும் பக்கப்பாதமும் முட்கற்றையும் உள்ள கடற்புழுக்கள். தூண்டிலுக்கு இரையாய்ச் சேற்றில் கிண்டி எடுப்பவை, பலகையில் சாமரம் விரித்தவை எல்லாம் இங்கே. ஒலிகோகீட்டா: முள் குறைந்த மண்புழு வகை. தலைக்குக் கொஞ்சம் பின்னே பட்டி கட்டினதுபோல் ஒரு தடிப்பு இருக்கும், அதற்குச் சேணம் என்று பெயர். முட்டைக்கூட்டைச் சுரப்பது அது. ஆணும் பெண்ணும் ஒரே உடலில். இலங்கையில் இருந்து 1844இல் டெம்பிள்டன் என்ற இராணுவ வைத்தியர் விவரித்த நீலநிறப் பெரும் மண்புழுவுக்கு அவர் வைத்த பெயரே மெகாஸ்கோலெக்ஸ், 'பெரிய புழு'.

மூன்றாவது ஹிருடினியா, அட்டைகள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயலுக்கு இறங்கினவர்களுக்கும் எருமை வளர்ப்பவர்களுக்கும் நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. முன்னும் பின்னும் உறிஞ்சி, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹிருடின் என்ற புரதம். அட்டை விழுந்த பிறகும் காலில் இரத்தம் நிற்காமல் வடிவது அதனால்தான். வெளியே நிறைய வளையம் தெரியும், நம்பிவிடாதீர்கள். ஓர் உண்மைத் துண்டத்தின் மேல் பல பொய் வளையங்கள். உள்ளே நரம்பு முடிச்சை எண்ணினால் 33 அல்லது 34 என்று கணக்கிடுவார்கள், எந்த அட்டையானாலும் அதே கணக்குத்தான். வளர்ந்தாலும் கூடாது. மலைநாட்டுக் காட்டில் புல்நுனியில் எழும்பி நின்று மணம் பிடிக்கும் தரை அட்டை வேறு. 1660இல் திருகோணமலைப் பக்கம் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 வருடத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்த ரொபர்ட் நொக்ஸ் அதன் தொல்லையையும் தன் புத்தகத்தில் எழுதாமல் விடவில்லை.

இந்த மூன்று வகுப்பும் இப்போது ஆட்டம் கண்டுவிட்டது. அட்டைக்கும் சேணம் உண்டு. மரபணுவைப் பார்த்தால் அட்டைகள் மண்புழுக் கூட்டத்துக்குள்ளே முளைத்த ஒரு கிளை. மண்புழுக் கூட்டமோ பொலிக்கீட்டாவுக்குள்ளே முளைத்த ஒரு கிளை. 2011இல் வந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு வளையப்புழுக்களில் பெரும்பாலானவற்றை நடமாடிகள், குடியிருப்பவை என்று இரண்டு பெரும் கிளையாக்கியது. மண்புழுவும் நம் பலகையின் குழாய்ப்புழுவும் ஒரே கிளையில், குடியிருப்பவை பக்கம். துண்டமே இல்லாத சிப்புங்குலாப் புழுக்களையும் அனெலிடாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆனால் பரீட்சை எழுதும் பிள்ளைகளே, மூன்று வகுப்பையே எழுதுங்கள். புள்ளி போடுபவருக்கு முன்னால் விடைத்தாள்தான் இருக்கும், மரபணு இருக்காது.

ஒரே குடி

துண்டம் உள்ளவை எல்லாம் ஒரு குடும்பம் என்று குவியே நினைத்தார். மண்புழுவையும் பூரானையும் பூச்சியையும் ஒன்றாய்க் கட்டினார். பார்வைக்கு அது சரிதானே? பூரானும் துண்டம் துண்டம், மண்புழுவும் துண்டம் துண்டம். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் அந்தக் கட்டு அவிழவில்லை.

அவிழ்த்தது குழந்தைப் பருவமும் மரபணுவும். கடலில் வாழும் பல மட்டி, நத்தைகளின் முட்டையில் இருந்தும், பல கடற்புழுக்களின் முட்டையில் இருந்தும் வெளிவருவது ஏறக்குறைய ஒரே உருவம்: பம்பரம் போல் ஒரு நுண்ணுடல், இடுப்பைச் சுற்றி அசையும் மயிர்ப்பட்டி. துரோக்கோபோர்க் குடம்பி என்று பெயர். கொஞ்சநாள் மிதந்து திரிந்த பிறகு ஒன்று பின்னால் துண்டம் துண்டமாக நீண்டு புழுவாகும். மற்றது ஓடு சுரந்து ஊரியோ மட்டியோ ஆகும். முட்டை பிளவுபடுவதிலும் இரண்டிலும் ஒரே சுருள் ஒழுங்கு. 1995இல் மரபணு ஒப்பீடு இந்த இரண்டையும் சில சிறு கூட்டங்களோடு சேர்த்து லொபோட்ரோகோசோவா என்ற ஒரே கிளையில் வைத்தது. 1997இல் பூச்சி, நண்டு, பூரான் எல்லாம் தோல் உரிக்கும் விலங்குகளின் தனிக் கிளைக்குப் போயின, நாக்குப்பூச்சியோடு. ஆக மண்புழுவுக்குப் பூரானைவிடக் கணவாய்தான் கிட்டின சொந்தம்.

வேறு ஊராருக்கு இதை விளங்கப்படுத்தக் கஷ்டம். நமக்கு லேசு. இங்கே குடி என்கிற குலப்பிரிவு தாய்வழி. என் மருமகளின் முகம், நிறம், நடை எல்லாம் அவள் தகப்பனை உரித்து வைத்ததுபோல். இருந்தும் கோயில் சடங்கில் யாரும் அவளை அந்தக் குடியில் எண்ணமாட்டார்கள். அவளும் நானும் ஒரு குடி, ஏனென்றால் வந்த வழி ஒன்று. விலங்கியலாளர் இப்போது செய்வது அதே கணக்கைத்தான். முகச்சாயலைக் கேட்பதில்லை, வழியைக் கேட்கிறார்.

பேசினில் கிடந்த பலகை மூன்றாம் நாள் நாறத் தொடங்கியது. தங்கச்சி ஏச, நான் அதை எறிய எடுத்தேன். எடுத்த இடத்திலேயே இரண்டாய் முறிந்தது. உள்ளே பலகை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, தேன்கூடு மாதிரி நீளத் துளைகள். சுவரெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருந்தது. ஒரு துளையில் இருந்து சாம்பல் நிறத்தில் விரல் நீளத்துக்கு ஒன்று தொங்கியது. கப்பற்புழு. பெயரில் புழு, உருவத்திலும் புழு. மரத்தைத் துளைத்துக்கொண்டே தான் வந்த வழிக்குச் சுண்ணாம்பு பூசும் இதன் வேலையைப் பார்த்துத்தான் புரூனல் என்ற பொறியியலாளர் சுரங்கம் தோண்டும் கவசத்தை யோசித்தார் என்பார்கள். 1818இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார், தேம்ஸ் நதிக்கு அடியால் 1843இல் திறந்த சுரங்கம் அந்த முறையில் தோண்டியது.

மருமகள் குனிந்து அதன் தலைப்பக்கத்தைப் பார்த்தாள். நகத்தளவுகூட இல்லாத இரண்டு ஓடுகள் எதிரெதிராய், விளிம்பில் அரம் போல வரி. வால்பக்கம் நீர் உறிஞ்ச ஒன்று, விட ஒன்று என இரண்டு குழல். துண்டம் இல்லை, சிலிர்முள் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

அடுத்த கிழமை பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பலகையைக் காயவைத்துக் கொண்டுபோனாள். இரண்டு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தாள். வெளியே இருந்த ஓட்டுக் குழாய்களுக்கு அம்புக்குறி போட்டு 'புழு'. உள்ளே தொங்கிய புழுவுக்கு அம்புக்குறி போட்டு 'மட்டி'. வந்தவர்களில் பாதிப்பேர் கடதாசி மாறி ஒட்டியிருக்கிறது என்று அவளுக்குச் சொல்லிவிட்டுப் போனார்களாம்.